மண்சரிவுக்குப் பின் மனம்: கண்ணசைவுச் சிகிச்சை பற்றிச் சில வார்த்தைகள்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவிகள் சங்கத்தின் சுகாதாரக் குழு சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவில் பழைய நினைவுகளைப் பேசுவது வழக்கம். நினைவு என்பது எல்லோருக்கும் இனிப்பாய் இருப்பதில்லை. நினைக்க விரும்பாத ஒன்று, அழைக்காமலே வந்து வாசலில் நிற்கும் வாழ்க்கையும் எமது மலைகளில் உண்டு. அந்த நினைவைப் பற்றியும், அதைத் தணிக்கும் ஒரு சிகிச்சை முறை பற்றியுமே பேச வந்துள்ளோம். எமது குழுவில் ஆசிரியைகளும் தாதியரும் குடும்பநல உத்தியோகத்தர்களும் இருக்கிறோம். இச்சிகிச்சையைச் செய்யும் பயிற்சி பெற்றவர்கள் எம்மில் எவருமில்லை. யாரை, எப்போது, எங்கே அனுப்புவது என்று தினமும் யோசிக்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் என்ற முறையிலேயே பேசுகிறோம்.

2014 அக்டோபர் 29, புதன்கிழமை காலை. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மீது மலை சரிந்தது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடு இருக்கவில்லை. சிலருக்குப் பெற்றோரும் இருக்கவில்லை. மண்ணுக்குள் போனவர்களில் பலரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. உடலைக் காணாத வீட்டில் கருமாதிகூட மனம் ஆறச் செய்ய முடியாது. எஞ்சியவர்கள் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் தங்கவைக்கப்பட்டார்கள். பூனாகலைப் பக்கம் கட்டப்பட்ட 75 வீடுகள் கையளிக்கப்பட 2016 அக்டோபர் ஆயிற்று. பிறகு 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. எமது பதுளை மாவட்டமும் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது.

அனர்த்தம் நடந்த வாரத்தில் அரிசி வரும், பாய் வரும், உடுதுணி வரும். அவை வேண்டியவைதாம். ஆறு மாதம் கழித்து ஒரு பெண் கொழுந்துக் கூடையோடு மலையில் நிற்கும்போது மழை இருட்டினால் கைகால் நடுங்கி உட்கார்ந்துவிடுகிறாள் என்றால், அதற்கு யார் வருகிறார்கள்?

இந்த நோவுக்கு எங்கள் ஊர்களில் பெயர்கள் உண்டு. ‘பயந்துகிட்டா’ என்பார்கள். ‘காத்துக் கருப்பு அடிச்சிருச்சி’ என்பார்கள். திருநீறு போடுவார்கள், நூல் கட்டுவார்கள். அவற்றை நாம் ஏளனம் செய்யவில்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து நெற்றியில் கை வைப்பது சின்ன விடயமன்று. வைத்தியத் துறை இதனை நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்கிறது. ‘மனவடு’ என்ற சொல்லை ஈழத்துத் தமிழில் நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் அவர்கள். போரின் நடுவே இருந்து, ஒரு சமூகத்தின் மனக் காயங்களைப் பதிவு செய்தவர் அவர்.

மனவடு நோயின் குறிகள் மூன்று வகைப்படும். ஒன்று, நடந்தது மீண்டும் மீண்டும் நேரில் நடப்பதுபோல வருவது. இரண்டு, அதை நினைவூட்டும் இடம், பேச்சு, ஆட்களை விட்டு விலகி ஓடுவது. மூன்று, எந்நேரமும் காவல் நாயைப்போல விழித்திருப்பது: தூக்கமின்மை, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல், எரிச்சல். அனர்த்தத்தின் பின் சில நாட்கள் இவை யாருக்கும் வரலாம். பெரும்பாலானோருக்குத் தாமாகவே தணியும். ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் குலைத்தால்தான் நோய் என்கிறோம்.

எங்கள் சனங்கள் சொல்லும் ஒரு வசனம் உண்டு: ‘அன்னிக்கி நடந்தது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.’ எந்தப் பாடநூலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடாது. சாதாரண நினைவு மெல்ல மெல்லப் பழசாகிப் பின்னால் போகும். மனவடுவின் நினைவு பின்னால் போக மறுக்கிறது. அதே படம், அதே சத்தம், அதே மண் வாசனை, அதே நெஞ்சடைப்பு. எல்லாம் இப்போது நடப்பதுபோலவே நிற்கிறது. அந்த நினைவை அழிக்க எவராலும் முடியாது. அழிக்கவும் வேண்டாம், அதில் எமது இறந்தவர்களும் இருக்கிறார்கள். அது நடந்து முடிந்தது என்று மனமும் உடலும் ஏற்றுக்கொண்டால் போதும்.

அதற்கான வழிகளில் ஒன்றுதான் கண்ணசைவுச் சிகிச்சை. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஈ.எம்.டி.ஆர். என்பார்கள். அமெரிக்காவில் உளவியல் பயின்றுகொண்டிருந்த பிரான்சின் ஷாபிரோ என்ற பெண்மணி, 1987 இல் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, கண்கள் இருபுறமும் வேகமாக அசைந்தபின் தனது மனதை அலைக்கழித்த எண்ணங்களின் வலு குறைந்ததைக் கவனித்தார். அதைச் சோதித்து 1989 இல் முதல் ஆய்வை வெளியிட்டார். வெறும் கண்ணசைவில் தொடங்கிய அம்முறை, பின்னர் எட்டுக் கட்டங்கள் கொண்ட முழுச் சிகிச்சையாக வளர்ந்தது.

அது எப்படி நடக்கிறது? உதாரணத்துக்கு ஒரு தாயைக் கற்பனை செய்துகொள்வோம். மலை சரிந்த அன்று கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடித் தப்பியவர். மாமியாரைத் தூக்க முடியவில்லை. சிகிச்சையாளர் உடனே அந்த நாளைத் தொடமாட்டார். முதலில் அவரது கதையையும் உடல்நிலையையும் அறிவார். பிறகு, மனம் கலங்கினால் திரும்பி வந்து நிற்க ஓர் அமைதியான இடத்தை மனதில் அமைத்துக்கொள்ளப் பழக்குவார். கோயில் வாசலோ, அம்மா வீட்டு அடுப்படியோ எதுவாகவும் இருக்கலாம். இந்த ஆயத்தத்துக்கே சில அமர்வுகள் போகலாம்.

அதன்பின்தான் அந்த நாளின் மிக மோசமான படம் எது என்று கேட்பார். அந்தப் படம் வரும்போது தன்னைப் பற்றி என்ன தோன்றுகிறது என்று கேட்பார். ‘நான்தான் விட்டுட்டு வந்தேன், என் தப்பு’ என்பார் அந்தத் தாய். அதற்குப் பதிலாக எதை நம்ப விரும்புகிறீர்கள்? ‘என்னால முடிஞ்சதச் செஞ்சேன்.’ இப்போது எவ்வளவு வேதனை, 0 முதல் 10 வரை? உடம்பில் எங்கே தெரிகிறது? இவற்றைக் குறித்துக்கொண்டபின், அந்தப் படத்தை மனதில் வைத்தபடியே, சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமும் அசைவதைக் கண்ணால் தொடரச் சொல்வார். ஏறக்குறைய அரை நிமிடம். நிறுத்தி, மூச்சு விடச் சொல்லி, ‘இப்ப என்ன வருது?’ என்று மட்டும் கேட்பார். வந்ததை வைத்து மீண்டும் ஒரு சுற்று. வேதனையின் எண் இறங்கும்வரை இது தொடரும். இறங்கியபின், ‘என்னால முடிஞ்சதச் செஞ்சேன்’ என்ற நம்பிக்கையை அதே முறையில் ஊன்றச் செய்வார். கடைசியில் தலை முதல் கால்வரை உடம்பில் இறுக்கம் எஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பார். ஓர் அமர்வு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அடுத்த முறை வரும்போது, இடையில் என்ன நடந்தது என்று பார்த்தபின்பே தொடருவார்.

இதில் மந்திரமும் இல்லை, மயக்கி வசியம் செய்வதும் இல்லை. அந்தத் தாய் முழுநேரமும் விழிப்போடு இருக்கிறார். வேண்டும்போது கையை உயர்த்தி நிறுத்தலாம்.

விரலைப் பார்த்தால் துயரம் ஏன் தணிய வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயம். ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு விளக்கம் எமக்கு எளிதாகப் புரிகிறது. மனதின் வேலை மேசை சிறியது. ஒரு பக்கம் கொடிய படத்தை வைத்துக்கொண்டு மறுபக்கம் அசையும் விரலையும் தொடர்ந்தால், படத்துக்கு முழு இடம் கிடைப்பதில்லை. அதன் கூர்மை மழுங்குகிறது. மழுங்கிய நிலையிலேயே அது திரும்பவும் நினைவில் சேமிக்கப்படுகிறது. பாதுகாப்பான ஒருவர் முன்னிலையில் பயத்தை எதிர்கொள்வதே குணத்துக்குக் காரணம், கண்ணசைவு பெரிதன்று என்று வாதிடுவோரும் உள்ளனர். காரணம் பற்றிய வாதம் ஓயவில்லை. பலன் பற்றி ஓரளவு உடன்பாடு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2013 இல் வெளியிட்ட வழிகாட்டியில், மனவடு நோய்க்கு, மனவடுவை மையமாகக் கொண்ட அறிகை நடத்தைச் சிகிச்சையையும் ஈ.எம்.டி.ஆர். முறையையும் பரிந்துரைத்தது. பிரித்தானியாவின் 2018 ஆம் ஆண்டு வழிகாட்டியோ, பிள்ளைகளுக்கு முதலில் அறிகை நடத்தைச் சிகிச்சையையே கொடுக்கச் சொல்லி, அது பலனளிக்காதபோது கண்ணசைவு முறையை எண்ணிப்பார்க்கச் சொல்கிறது. ஆகவே இது ஒன்றே வழி என்று நாம் சொல்லவரவில்லை.

இலங்கைக்கு இது புதியதுமன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் வெளிநாட்டுப் பயிற்றுநர்கள் வந்து, இங்குள்ள உளவளத்துணையாளர்களுக்கு இம்முறையைக் கற்பித்தார்கள். அதே காலத்தில் வடகிழக்கில் இன்னொரு முயற்சியும் நடந்தது. வாழ்க்கைக் கதையை முறைப்படி சொல்லவைத்து ஆற்றும் சிகிச்சையையும், தியானமும் தளர்வுப் பயிற்சியும் சேர்ந்த முறையையும் 31 பிள்ளைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஆறு அமர்வுகள். செய்தவர்கள் பயிற்றப்பட்ட உள்ளூர் ஆசிரிய உளவளத்துணையாளர்கள். ஆறு மாதத்தின் பின் பார்த்தபோது இரு பக்கத்திலும் பத்துக்கு ஏழு எட்டுப் பிள்ளைகள் குணமடைந்திருந்தார்கள். சரியான பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தால் எமது ஆசிரியைகளாலும் முடியும் என்பதற்கு இதைவிட அருகிலுள்ள சான்று வேண்டுமா?

இத்தனை முறைகளிருக்க, கண்ணசைவு முறையைக் குறிப்பாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. எமது பெண்கள் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். அங்கே மனதைத் திறந்து அழ இடம் ஏது? இம்முறையில் நடந்ததையெல்லாம் விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. படத்தை மனதில் வைத்திருந்தால் போதும். வீட்டில் எழுதிக்கொண்டு வரும் வேலையும் இல்லை. எழுத்து தெரியாத பாட்டிக்கும் இது தடையாகாது. கண் பார்வை குறைந்தவர்களுக்கு இரு கைகளிலும் மாறி மாறித் தட்டுவது உண்டு. 1997 இல் மெக்சிகோவின் அகபுல்கோவைப் பாலின் சூறாவளி தாக்கியபின், பிள்ளைகளோடு பணியாற்றிய லூசினா ஆர்டிகாஸ் என்ற பெண்மணி, கைகளை மார்பில் குறுக்கே வைத்து வண்ணத்துப்பூச்சியின் சிறகுபோலத் தமது தோள்களைத் தாமே மாறி மாறித் தட்டும் முறையை உருவாக்கினார். ‘வண்ணத்துப்பூச்சி அணைப்பு’ என்று இன்று உலகெங்கும் அறியப்படுகிறது. சூறாவளியில் வீடிழந்த பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை அது. எமது பிள்ளைகளுக்கும் அது அந்நியமாகாது.

சில எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். கைபேசியில் காணொளி பார்த்துவிட்டு விரலை ஆட்டிச் சிகிச்சை செய்ய எவரும் முற்பட வேண்டாம். மூடிய காயத்தைத் திறந்துவிட்டுக் கட்டத் தெரியாமல் நிற்பதுபோலாகும். அனர்த்தம் நடந்த நாட்களில் ‘என்ன நடந்தது சொல்லு, சொல்லி அழுதால் சரியாகும்’ என்று எவரையும் வற்புறுத்த வேண்டாம். அந்நேரத்துக்கு உரியது உள முதலுதவி: பார்த்தல், செவிமடுத்தல், உதவியோடு இணைத்தல். குடும்பத்தைப் பிரிக்காதிருத்தல், சுடுதண்ணீர், காய்ந்த உடுப்பு, பெண்களுக்கு மறைவான இடம், இவையே முதல் மாத மருந்து. தூங்கவில்லை என்று கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். பென்சோடயசிப்பின் வகை மாத்திரைகளை முதல் மாதத்தில் இதற்கெனக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டி கூறுகிறது. ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் நிறுத்தவும் கூடாது. யாராவது ‘இருந்து என்ன பயன்’ என்று பேசத் தொடங்கினால் ஒரு மாதம் காத்திருக்கக் கூடாது. அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் பேசலாம்.

இனி, எமது மனதை அதிகம் உறுத்தும் விடயத்துக்கு வருகிறோம்.

இச்சிகிச்சை மூன்று காலத்தையும் தொடுகிறது. நடந்து முடிந்த சம்பவம், இன்று பயத்தைக் கிளப்பும் விடயங்கள், நாளை அதே சூழல் வந்தால் எப்படி நடப்பேன் என்ற ஒத்திகை. வாகன விபத்தில் சிக்கியவருக்கு இது நேராகப் பொருந்தும். விபத்து முடிந்துவிட்டது; வீதியில் மீண்டும் போகலாம். எங்கள் தாய்க்கு என்ன சொல்வது? ஒக்டோபர் பிறந்தால் மழை வரும். அவர் படுத்திருக்கும் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு இருக்கிறது. தகரத்தில் மழை விழும்போது அவர் எழுந்து உட்காருகிறார். அது நோயா, புத்தியா?

இரண்டும்தான் என்பது எமது பதில். மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று 2005 இலும் 2011 இலும் சொல்லப்பட்டிருந்ததைப் பின்னர் நாடே பேசியது. அப்படிப்பட்ட இடத்தில் பயப்படுகிறவரின் பயத்தை மட்டும் எடுத்துவிட்டு ஆளை அங்கேயே விட்டுவருவது வைத்தியமாகாது. அதற்காக, வீடு கிடைக்கும்வரை மனதுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றும் இல்லை. மனவடு உள்ளவர் ஒவ்வொரு தூறலுக்கும் நடுங்குவார். நடுங்கி நடுங்கி அலுத்து, உண்மையான எச்சரிக்கை வரும் இரவில் உறைந்துபோய் உட்கார்ந்துவிடவும் கூடும். நினைவின் பயம் தணிந்தால்தான் நிகழ்காலத்தின் பயம் தனது வேலையைச் செய்யும். சுவரில் புது வெடிப்பு, கதவு இறுகுதல், ஊற்று நீர் திடீரெனக் கலங்குதல் அல்லது நின்றுபோதல், மரங்கள் சாய்தல்: இவற்றைக் கண்டால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும் என்பதைத் தெளிந்த மனமே சட்டென்று முடிவெடுக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று படிப்படியாக விடுக்கிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அந்த எச்சரிக்கை தமிழில், நேரத்தோடு, லயத்து வாசலுக்கு வர வேண்டும். ‘நாளை மழை வந்தால் என்ன செய்வேன்’ என்ற ஒத்திகையில், எந்த வழியால் ஏறி எந்தக் கட்டடத்துக்குப் போவது என்பதும் இருக்க வேண்டும். பாதுகாப்பான நிலமும் ஆறிய மனமும் ஒன்றுக்கொன்று பதிலாக முடியாது. இரண்டையும் கேட்கும் உரிமை எமது மக்களுக்கு உண்டு.

நூறு ஆண்டு கண்ட சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, பணம் சம்பந்தப்பட்டது. இச்சிகிச்சைக்கு வாரம் ஒருமுறை பல வாரங்கள் வர வேண்டும். தோட்டத்துப் பெண்ணுக்குக் கிளினிக் நாள் என்றால் அன்றைய பேர் இல்லை. நேரத்தோடு திரும்பினாலும் அரைப் பேர்தான். பஸ் காசு வேறு. மூன்றாம் வாரம் அவர் வராமல் போனால், ‘அக்கறை இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். கொழும்பிலும் இலண்டனிலும் டொரொண்டோவிலும் வாழும் எமது சகோதரிகள் ஒரு சிறு நிதியத்தைத் தொடங்கி, அந்தக் கூலியையும் பஸ் காசையும் ஈடுசெய்ய முடியும்.

இரண்டாவது, ஆள் சம்பந்தப்பட்டது. மனவடுவைத் தாய்மொழியில் பேசி ஆற்ற வேண்டும். மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்து ‘உங்களுக்கு என்ன தோன்றுகிறது’ என்று கேட்பது கடினம். எமது கல்லூரிப் பிள்ளைகளில் உளவியல் பயில விரும்பும் ஒருவருக்கு ஆண்டுதோறும் சங்கம் புலமைப்பரிசில் வழங்கட்டும். தமிழில் சிகிச்சை செய்யும் ஒருவரேனும் இம்மலைகளில் நிலையாக இருக்க வழி பிறக்கட்டும்.

மூன்றாவதற்குப் பணம் வேண்டாம். நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு பெண்ணுடன் துணைக்குப் போவோம். தியத்தலாவையோ பதுளையோ, மனநலக் கிளினிக் வாசலில் தனியே நிற்பதற்கு இன்னும் எங்கள் ஊரில் வெட்கம் இருக்கிறது. ‘பைத்தியக்கார டொக்டர்’ என்ற பேச்சுக்குப் பயந்து வராதவர்கள் எத்தனையோ பேர். பக்கத்தில் வெள்ளைச் சேலை ரீச்சரோ, நர்ஸ் அக்காவோ உட்கார்ந்திருந்தால் அந்தப் பேச்சு பாதியாகும். குழந்தையைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கவும் ஒரு கை வேண்டும்.

ஆசிரியைகளுக்குத் தனியாக ஒரு சொல். மழை நாளில் படிக்காமல் யன்னலையே பார்க்கும் பிள்ளையை அதட்ட வேண்டாம். முன்பு கலகலப்பாய் இருந்து இப்போது பேசாமல் போன பிள்ளையையும், காரணமில்லாமல் அடிக்கடி வயிற்று வலி என்னும் பிள்ளையையும் கவனியுங்கள். கேள்வி கேட்காவிட்டாலும் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு மாதம் தாண்டியும் அப்படியே இருந்தால், உளவளத்துணை ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் சொல்லுங்கள்.

நூறு வருடத்துக்கு முன் எமது பெண்பிள்ளைகளுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் இருந்தது. இன்று தோட்டத்துச் சனத்துக்கு மனச் சிகிச்சை எதற்கு என்று கேட்போர் இருக்கிறார்கள். முதல் கேள்விக்கு இக்கல்லூரி பதில் சொல்லிவிட்டது. இரண்டாவது கேள்விக்கான பதிலை எமது சங்கம் வரும் ஒக்டோபர் மழைக்கு முன் தொடங்க வேண்டும் என்று கேட்டு அமைகிறோம்.